லீவில் வளர்த்த தாடிக்கு யூனிட்டில் தண்டனை உண்டா?

கேள்வி: என் கணவர் தரைப்படையில் நாயக். 12 வருட சர்வீஸ். 60 நாள் ஆண்டு விடுப்பில் வேலூர் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டார். அன்றிலிருந்து சவரம் செய்யவில்லை. போன வாரம் கோயிலில் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அதைப் பார்த்த அவருடைய சுபேதார் போன் செய்து, "இன்னைக்கே ஷேவ் பண்ணிட்டு போட்டோ அனுப்பு" என்றார். "லீவுல இருக்கேன் சாப், விரதம்" என்று சொல்லிவிட்டு இவர் போனை வைத்துவிட்டார். "லீவில் இருப்பவனை யார் கேட்க முடியும், வக்கீல் நோட்டீஸ் விடலாம்" என்கிறார் கணவரின் அண்ணன். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, நோட்டீஸ் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அண்ணன் இந்நேரம் யாராவது ஒரு வக்கீலைப் பார்க்கக் கிளம்பியிருக்கலாம். தாடி வளர்த்ததைவிட அந்த நோட்டீஸ்தான் உங்கள் கணவருக்குப் பெரிய கேடாக முடியும்.

லீவில் வந்த பட்டாளத்துக்காரர் சாதாரணக் குடிமகன் என்பது நம் ஊர்களில் பலரும் நம்புவது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 2-வது பிரிவுப்படி, ஓய்வு பெறும் வரை, அல்லது முறைப்படி விடுவிக்கப்படும் வரை, அல்லது நீக்கப்படும் வரை ஒருவர் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்தான். லீவு பாஸில் கையெழுத்து விழுந்ததும் அது நின்றுபோவதில்லை. 39-வது பிரிவைப் பாருங்கள். லீவு முடிந்தும் திரும்பாதவருக்கு மட்டுமல்ல, லீவில் இருக்கும்போதே தன் யூனிட் போர்ப்பணிக்குப் போக உத்தரவாகியிருப்பது தெரிந்தும் காரணமில்லாமல் போய்ச் சேராதவருக்கும் அதில் தண்டனை உண்டு. வீட்டுத் திண்ணையில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பவரையும் நினைவில் வைத்து எழுதிய சட்டம் அது. லீவு என்பது வேலையிலிருந்து கிடைக்கும் ஓய்வு, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் தாடி குற்றமா? ராணுவச் சட்டத்தில் தாடியைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. முடி வெட்டு, மீசை, தாடி எல்லாம் அதற்குக் கீழே உள்ள ஒழுங்குமுறை விதிகளிலும் படை உத்தரவுகளிலும் வருபவை. தரைப்படையில் சீக்கியர்களுக்கு முடியும் தாடியும் உண்டு. மற்றவர்கள் முகம் மழித்திருக்க வேண்டும், அளவான மீசை வைத்துக்கொள்ளலாம். கடற்படையில் அனுமதி வாங்கிக்கொண்டு யாரும் தாடி வைக்கலாம். அதனால் கடற்படையில் இருக்கும் உறவினரைக் காட்டி வாதாடாதீர்கள், அவர்கள் விதி வேறு.

உங்கள் கணவர் விஷயத்தை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன்: போனுக்கு முன், போனுக்குப் பின்.

போன் வரும் வரை நடந்ததற்காக அவர் மீது பெரிதாக எதையும் சுமத்த முடியாது. வேட்டி கட்டி, சொந்த ஊர்க் கோயிலில், லீவு நாளில் இருந்தார். நல்லொழுங்குக்குக் கேடு என்று 63-வது பிரிவில் இழுக்கப் பார்த்தால், அதை எதிர்த்து வாதாட நிறைய இடம் இருக்கிறது. முகம் மழிக்கச் சொல்வதற்கு ராணுவம் சொல்லும் காரணங்கள் வரிசையில் நிற்பவர்கள் ஒன்றுபோல் இருப்பது, நச்சுவாயுவுக்கான முகக்கவசம் முகத்தில் ஒட்டி உட்காருவது போன்றவை. இவற்றில் எதுவும் ஒரு கிராமத்துக் கோயில் வாசலில் பொருந்தாது. லீவில் இருப்பவரின் தாடையை போட்டோ கேட்டுச் சோதிப்பது தேவையில்லாத வேலை என்பதே என் கருத்து. இங்கிலாந்து தரைப்படையே 2024 மார்ச் 29 அன்று பணியில் இருக்கும்போதும் ஒழுங்காக வெட்டிய தாடிக்கு அனுமதி கொடுத்துவிட்டது. நம் படையும் ஒரு நாள் யோசிக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால் அந்தப் போன் வந்தது. அதோடு விஷயம் தாடியை விட்டு, கீழ்ப்படியாமைக்குப் போய்விட்டது. 41-வது பிரிவில் உத்தரவு வாய்மொழியாகவோ எழுத்திலோ வேறு எப்படியோ வரலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. அதனால் "போனில் சொன்னது உத்தரவா" என்ற வாதம் நிற்காது. சுபேதாரும் மேலதிகாரிதான். வேண்டுமென்றே மீறியதாக நிரூபணமானால் 14 ஆண்டு வரை, சாதாரணமாகக் கீழ்ப்படியாததற்கு அமைதிக் காலத்தில் 5 ஆண்டு வரை சிறை என்று புத்தகத்தில் இருக்கிறது. பயப்படாதீர்கள், தாடிக்காக யாரும் அந்த அளவுக்குப் போவதில்லை. லீவில் இருப்பவரிடம் சவரம் செய்யச் சொல்வது ராணுவக் கடமை சார்ந்த உத்தரவா என்று கேட்கவும் முடியும். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை காண உங்கள் கணவரின் வேலையைப் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

மத உரிமை பற்றியும் கேட்கத் தோன்றும். விமானப்படையில் இரண்டு முஸ்லிம் வீரர்கள் தாடி வைக்கும் உரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2016 டிசம்பர் 15 அன்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. முடியை வெட்டவோ முகத்தை மழிக்கவோ கூடாது என்று மதமே தடை செய்திருந்தால்தான் விமானப்படை விதியில் விலக்கு உண்டு. அப்படி ஒரு தடை இருப்பதாக நீதிமன்றத்துக்குக் காட்டப்படவில்லை. படையில் ஒரே தோற்றம் ஒற்றுமைக்கும் ஒழுங்குக்கும் தேவை என்றது நீதிமன்றம். படையினரின் அடிப்படை உரிமைகளைச் சட்டம் போட்டுக் குறைக்க அரசமைப்பின் 33-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வாழ்நாள் முழுக்கத் தாடி வைக்கக் கேட்டவர்களுக்கே இந்தப் பதில் என்றால், ஒரு மண்டல விரதத்துக்காக வளர்க்கும் தாடி நீதிமன்றத்தில் அதைவிடப் பலவீனமாகத்தான் நிற்கும். சவரம் செய்தால் விரதம் முறியுமா என்பதை என்னிடம் கேட்காதீர்கள், குருசாமியிடம் கேளுங்கள். சீருடை வேலையில் இருப்பவர்களுக்கு வழி சொல்லும் குருசாமிகளை நான் பார்த்திருக்கிறேன்.

நான் உண்மையில் கவலைப்படுவது இனிமேல் சொல்லப்போவதற்குத்தான். நாயக் என்பதால் அவர் என்சிஓ, அதாவது சிப்பாய்க்கு மேல்நிலையில் உள்ள, ஆணை பெறாத அதிகாரி. கமாண்டிங் ஆபீசர் 80-வது பிரிவில் சிப்பாய்க்குக் கொடுக்கக்கூடிய 28 நாள் காவலை என்சிஓவுக்குக் கொடுக்க முடியாது. கடும் கண்டிப்பு, 14 நாள் சம்பளம் வரை அபராதம், இப்படித்தான் வரும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் கடும் கண்டிப்பு நடத்தைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும். ரெட் இங்க் என்ட்ரி என்று வீட்டில் அவர் சொல்லி நீங்களே கேட்டிருப்பீர்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவர் சில வருடங்களுக்கு முன் அந்தத் தாளின் நகலை என் மேசையில் விரித்து வைத்தார். மடிப்புகளில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய தாள். நான்கு பதிவுகள். லீவு முடிந்து மூன்று நாள் தாமதம், அடையாள அட்டை தொலைந்தது, மீதி இரண்டும் வாய்த்தகராறு. எதுவுமே பெரிய குற்றமில்லை. நான்கும் சேர்ந்து அவரை வெளியே தள்ளிவிட்டது.

நான்கு சேர்ந்தால் தானாகவே வெளியேற்றிவிட முடியாது, விசாரணையும் அவருடைய சேவைக் காலமும் பார்க்கப்பட வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நமக்குத் துணை. ஆனாலும் உங்கள் கணவருக்கு 12 வருடம்தான் முடிந்திருக்கிறது. சேவைப் பென்ஷனுக்கு 15 வருடம் வேண்டும். இன்னும் மூன்று வருடம். ஹவில்தார் பதவி உயர்வும் பக்கத்தில் இருக்கும். ஏற்கனவே எத்தனை சிவப்புப் பதிவு இருக்கிறது என்று இன்றிரவே அவரிடம் கேளுங்கள். மனைவியிடம் சொல்லத் தயங்குவார்கள், விடாமல் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. இன்றே அவர் சுபேதாரைக் கூப்பிடட்டும். நீங்களோ அண்ணனோ பேச வேண்டாம். "சாப், அன்னைக்குப் போனை வச்சது தப்பு. விரதத்துக்காகத்தான் வளர்த்தேன். அனுமதி கேட்டு எழுதுறேன், இல்லைன்னு சொன்னா எடுத்துடுறேன்" என்று சொன்னால் போதும். வேண்டுமென்றே மீறினார் என்ற குற்றச்சாட்டின் கூர் அதிலேயே பெரும்பாலும் மழுங்கிவிடும். பிறகு கம்பெனி கமாண்டருக்கு ஒரு சிறு விண்ணப்பம்: மாலை போட்ட தேதி, மண்டல பூஜை வரை தாடிக்கு அனுமதி, பணிக்குத் திரும்பும் முன் மழித்துவிடுவேன் என்ற உறுதி, இவ்வளவும் நான்கு வரியில். பதில் வருவதற்குள் மழிக்கச் சொல்லி மறுபடி உத்தரவு வந்தாலோ, அனுமதி இல்லை என்று பதில் வந்தாலோ, மழித்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் தனக்கு அநியாயம் நடந்ததாக அவர் நினைத்தால் 26-வது பிரிவில் மேலதிகாரியிடம் முறையிடலாம். கீழ்ப்படிந்தவரின் முறையீட்டுக்குத்தான் அங்கே காது கிடைக்கும்.

ஸ்டேட்டஸில் இருந்த போட்டோவை வேறு எங்கும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சுபேதாரிடம் பேசிய தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதி வைக்கட்டும். விண்ணப்பத்தின் நகலையும் அதோடு வையுங்கள். குற்றப்பத்திரிகை என்று ஏதாவது கையில் கொடுத்தால், பதில் எழுதும் முன் அதையும் அந்த நோட்டையும் எனக்கு அனுப்புங்கள்.