புற்றுநோய் முற்றியவரை வீட்டில் வைத்துப் பார்க்கும்போது குடும்ப டாக்டரால் என்ன செய்ய முடியும்?

நிறைய. என் அப்பா விஷயத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

நுரையீரல் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில், "இனி கீமோ தாங்காது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. தெருமுனை டாக்டரிடம் போய் நின்றேன். 20 வருஷமாக அப்பாவுக்குச் சர்க்கரை மருந்து எழுதுபவர். அன்று ராத்திரி கிளினிக்கை மூடிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார்.

ஸ்கேன் ஃபைலை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அப்பாவிடம், "வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சுண்ணே?" என்றார். ஆறு நாள். வலிக்குக் கொடுத்த டிரமடால் மாத்திரை மலத்தைக் கட்டியிருக்கிறது. மூன்று ராத்திரியாக அப்பா புரண்டு புரண்டு அனத்தியதை, மூளைக்கும் ஏறிவிட்டதோ என்று நினைத்து நாங்கள் அழுதுகொண்டிருந்தோம். எனிமா கொடுத்த பிறகு நன்றாகத் தூங்கினார்.

அப்புறம் மாத்திரை டப்பாவைக் கொட்டச் சொன்னார். கொழுப்பு மாத்திரையை நிறுத்தினார். சர்க்கரை மாத்திரையைக் குறைத்தார். அம்மா பதறிவிட்டார். சாப்பாடே இரண்டு கரண்டி கஞ்சி என்றான பிறகு பழைய அளவு மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார் என்று பொறுமையாகச் சொன்னார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அம்மா கேட்டிருக்க மாட்டார்.

வலி அதிகமானபோது மார்பின் என்ற வலுவான வலி மருந்து தேவைப்பட்டது. அது டாக்டரிடம் இல்லை. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கிய பிறகும், அரசு அங்கீகரித்த மருத்துவ நிலையங்களில்தான் கிடைக்கும். அப்படி ஓர் இடத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. "மார்பின்னா கடைசி மருந்தாமே?" என்று சித்தப்பா கிளப்பிவிட்டார். வலிக்குத் தகுந்தபடி மெல்ல மெல்ல ஏற்றினால் பயமில்லை, கூடவே மலமிளக்கியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர்.

எல்லா டாக்டரும் வீடு தேடி வரமாட்டார்கள், உண்மைதான். தமிழ்நாட்டில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருவதும் உண்டு. கேரளா இதில் நமக்கு ரொம்ப முன்னால் போய்விட்டது. 2008-லேயே இதற்கென்று தனிக் கொள்கை போட்டு, பஞ்சாயத்து மூலமாகவே நர்சை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

"இன்னும் எத்தனை நாள்?" என்று அப்பா எங்களிடம் கேட்டதே இல்லை. டாக்டரிடம்தான் கேட்டார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசினார்கள். மறுநாள் அப்பா பேங்க் பாஸ்புக்கை எடுத்துவரச் சொன்னார்.

கடைசி வாரத்தில் குளுக்கோஸ் ஏற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம், பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்கினால் போதும் என்றார். அப்படியே செய்தோம்.

இன்னொன்று, இதையும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைத்துவிடுங்கள். வீட்டில் உயிர் பிரிந்தால், கடைசியாகப் பார்த்துவந்த டாக்டர்தான் 4ஏ படிவத்தில் இறப்புக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும். அப்பா போனது விடியற்காலை நாலு மணிக்கு. யாருக்கு போன் செய்வது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.