சிங்கப்பூர்ல மடக்குக் கத்தி வாங்கணும்னா விக்டோரினாக்ஸா, ஓப்பினெலா?

பிடோக் ஜெட்டில தூண்டில் போட, வேலை இடத்துல பெட்டி பிரிக்க, வீட்டுல பழம் நறுக்க எல்லாத்துக்கும் ஒரே கத்தி வேணும், விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டனா ஓப்பினெல் 8ஆம் நம்பரா, பழைய வெங்கர் கிடைச்சா வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. முதல் ரெண்டும் என்கிட்ட இருக்கு, அதை வெச்சு சொல்றேன்.

வெங்கரை விடுங்க. சுவிஸ் ராணுவத்துக்கு ரொம்ப காலம் விக்டோரினாக்ஸ், வெங்கர் ரெண்டு கம்பெனியும் கத்தி குடுத்துட்டு இருந்தாங்க, 2005ல விக்டோரினாக்ஸே வெங்கரை வாங்கிருச்சு. பழசு நல்ல கண்டிஷன்ல கிடைச்சா ஆசைக்கு வாங்கி வெச்சுக்கலாம்.

ஓப்பினெல் பிரான்ஸ் சவோய் பக்கத்துக் கத்தி, 1890லேர்ந்து வருது. ஒரே பிளேடு, மரப் பிடி. 8ஆம் நம்பர்னா பிளேடு எட்டரை சென்டிமீட்டர், ரொம்ப மெலிசு, மாம்பழத்துல கொட்டையை ஒட்டி இறக்குனா வழுக்கிட்டு போகும் பாருங்க, அதுக்காகவே வாங்கலாம். கழுத்துல இருக்குற வளையத்தைத் திருகினா பிளேடு பூட்டிக்கும், அது 1955ல வந்தது. ஆனா மரம் ஈரத்துல உப்பும், பிளேடு உள்ளயே இறுகிக்கும், அப்ப நகத்தால மல்லுக்கட்டாம வளையத்தைத் திறந்து வெச்சுட்டு பிடியோட வால் பக்கத்தை மேசை ஓரத்துல ஒரு தட்டு தட்டுங்க, பிளேடு லேசா எட்டிப் பாக்கும், சவோய்க்காரங்க அப்படித்தான் பண்ணுவாங்க. வாங்குறப்ப பிளேடுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துக்குங்க. கார்போன்னா (கார்பன் ஸ்டீல்) எலுமிச்சை பட்டாலே கறுக்கும், உப்புத் தண்ணிக்கு சுத்தமா ஆகாது. நம்ம ஊருக்கு இனாக்ஸ்தான், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஸ்பார்ட்டன் மடக்கி வெச்சா 91 மில்லிமீட்டர் நீளம். ரெண்டு பிளேடு, டின் திறக்க, மூடி திறக்க, ஸ்க்ரூ முடுக்க எல்லாம் இருக்கு. தினம் கையில எடுக்குறது எனக்கு இதுதான். ஆனா இதுல பூட்டு கிடையாது, ஸ்பிரிங் மட்டும்தான் பிளேடைப் பிடிச்சிருக்கும், அதனால இழுத்து அறுக்கலாம், முனையால குத்துற வேலை வேணாம். அதுக்காக பூட்டு இருந்தா சேஃப்னும் நம்பிடாதீங்க. ஊர் பேர் தெரியாத பத்து வெள்ளிக் கத்தி ஒண்ணு, பூட்டிருச்சுன்னு நெனச்சு கேபிள் டையை நெம்புனேன், மடங்கி ஆள்காட்டி விரல்ல இறங்கிருச்சு, மூணு தையல்.

ஜெட்டிக்கு ரெண்டுமே வேணாம். இறால் நறுக்குன சளி ஸ்பார்ட்டனோட இடுக்குல போனா வெந்நீர்ல ஆட்டி, காய வெச்சு, ஒரு சொட்டு எண்ணெய் விடணும், ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து யார் செய்வா? பிளாஸ்டிக் பிடி போட்ட மலிவான கத்தி ஒண்ணை டாக்கிள் பாக்ஸ்லயே போட்டு வைங்க. மத்த வேலைக்கு ஸ்பார்ட்டன் வாங்குங்க, வீட்டுல பழம் நிறைய நறுக்குவீங்கன்னா அப்புறமா ஓப்பினெல்.

எதை வாங்குனாலும் சும்மா பாக்கெட்ல போட்டுக்கிட்டு எம்ஆர்டில சுத்தாதீங்க. பொது இடத்துல தகுந்த காரணம் இல்லாம ஆயுதம் வெச்சிருந்தா இங்க ஜெயில், பிரம்படி வரைக்கும் போகும். மீன் பிடிக்கப் போறீங்கன்னா தூண்டில் சாமானோட பெட்டிக்குள்ள இருக்கட்டும். பட்டனை அமுக்குனா பாயுற கத்தி, பட்டாம்பூச்சிக் கத்தி இதெல்லாம் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிடாதீங்க, உள்ள கொண்டு வரவே தடை. ஊருக்குப் போறப்ப செக்-இன் பெட்டில போடுங்க. என்னோட முதல் ஸ்பார்ட்டனைக் கைப்பையில மறந்து வெச்சு, ஸ்கேன் மெஷின் பக்கத்துல இருந்த தொட்டில நானே போட்டுட்டு வந்தேன்.