வாசகர் கேள்வி: பஸ் டிக்கெட் ஏறவில்லை, செலவு மட்டும் எப்படி ஏறியது?

"மாசக் கடைசியில் எந்தச் செலவு உங்கள் கையைக் கடிக்கிறது?" என்று போன இதழில் கேட்டிருந்தோம். பால், காஸ் சிலிண்டர், கரன்ட் பில் என்றுதான் கடிதங்கள் வரும் என்று நினைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் பஸ்ஸையும் ஆட்டோவையும் பற்றித்தான், அதுவும் பெரும்பாலும் சென்னையிலிருந்தும் அதன் புறநகர்களிலிருந்தும். அதனால் இந்த முறை பெரும்பாலும் அவற்றுக்கே இடம்.

தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். சம்பளம் 14 ஆயிரம். காலையில் இலவச பஸ்ஸுக்கு நின்றால் அரை மணி, சில நாள் முக்கால் மணி. பத்து நிமிஷம் தாமதமானால் கடையில் அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கிறார்கள். அதனால் வாரத்துக்கு மூன்று நாளாவது ஷேர் ஆட்டோவில் போகிறேன், மாசம் ஆயிரம் ரூபாய் அதற்கே போகிறது. பஸ் இலவசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு என்ன இலவசம்?
– வாசகி, மேடவாக்கம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் தங்கச்சி. இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிப் பேர் சொல்ல வந்ததை நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

2021 மே 8-ஆம் தேதியிலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாநிலத் திட்டக் குழு செய்த ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. ஆனால் அந்த மிச்சம் பஸ் வந்தால்தான் மிச்சம். நீங்கள் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் ஆயிரம் அந்த 888-ஐ அப்படியே விழுங்கிவிடுகிறது பாருங்கள்.

காசு கொடுத்துப் போகிற ஆண்களுக்கும் இதே கதைதான். பஸ் கட்டணத்தைக் கடைசியாக உயர்த்தியது 2018 ஜனவரியில். மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், சில நாளில் கொஞ்சம் குறைத்தார்கள், அதற்குப் பிறகு டிக்கெட் விலையைத் தொடவே இல்லை. அப்படியானால் நம் போக்குவரத்துச் செலவும் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏனென்றால் இந்த இடைப்பட்ட காலத்தில் ஊர் மேடவாக்கம், செம்பாக்கம், மாங்காடு என்று வெளியே வெளியே போய்க்கொண்டே இருந்தது, வாடகை தாங்காதவர்கள் இன்னும் தள்ளிக் குடிபோனார்கள், பஸ்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் ஏறவில்லை. மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் 2023 வாக்கில் இருந்தவை 3,200 சொச்சம் பேருந்துகள். பத்து வருஷத்துக்கு முன்னால் இதைவிட அதிகமாக இருந்தன. 2025-இல் தாழ்தள மின்சாரப் பேருந்துகள் வந்தது நல்லதுதான், ஆனால் நமக்குக் கணக்கு நிறுத்தத்தில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்பதுதான். வராத பஸ்ஸின் டிக்கெட்டை நாம் ஷேர் ஆட்டோவிலும் பைக் டாக்ஸியிலும் வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? மாதம் ஆயிரம் ரூபாய் எப்படியும் போகிறது என்றால், அதே ஆயிரத்துக்கு மாதாந்திர பாஸ் இருக்கிறது. அதை வைத்து ஏசி இல்லாத எந்த மாநகரப் பேருந்திலும் ஏறலாம், டீலக்ஸ் உட்பட. இலவச பஸ்ஸை எதிர்பார்த்து நிற்காமல், முதலில் எது வருகிறதோ அதில் ஏறிவிடலாம். காசு மிச்சமாகாது, ஆனால் அரை நாள் சம்பளம் மிஞ்சும். எடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் உங்கள் நிறுத்தத்தில் எந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்துவையுங்கள். டீலக்ஸும் வராத வழித்தடம் என்றால் பாஸ் வீண். 'சென்னை ஒன்று' செயலியில் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கலாம், வீட்டிலிருந்து கிளம்பும் முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பஸ் நிறுத்தாமல் போனால் கழகத்தின் புகார் எண் 149-க்கு அடித்து வண்டி எண்ணையும் நேரத்தையும் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் ஓரமாக வைத்துவிடுவார்கள், அதே நிறுத்தத்தில் நிற்கும் பத்துப் பேர் ஒரே வாரத்தில் சொன்னால் வைக்க முடியாது.

அப்புறம், பத்து நிமிஷத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பது அநியாயம். இதை உங்களோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். தனியாகக் கேட்காதீர்கள்.

பஸ் இலவசம் ஆனதிலிருந்து என் கணவர் எனக்குக் கைச்செலவுக்குத் தரும் பணத்தில் 500 ரூபாயைக் குறைத்துவிட்டார். உரிமைத் தொகை வந்த பிறகு இன்னும் 500. கேட்டால் "உனக்குத்தான் எல்லாம் ஃப்ரீயாச்சே" என்கிறார்.
– வாசகி, அம்பத்தூர்

அரசாங்கம் உங்கள் கையில் கொடுத்தது உங்கள் கணவருக்குக் கொடுத்த தள்ளுபடி இல்லை அம்மா. 2023 செப்டம்பரிலிருந்து குடும்பத் தலைவிகளுக்கு அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு 'உரிமைத் தொகை' என்று பேர் வைத்ததே, வீட்டில் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலைக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்றுதான்.

சண்டையாகப் போக வேண்டாம், கணக்காகப் போங்கள். ஒரு மாசத்துக்கு வீட்டுச் செலவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பச்சைப் பாக்கெட் ஆவின் பால் அரை லிட்டர் 22 ரூபாய், தினம் இரண்டு பாக்கெட் என்றால் மாசம் 1,320. சிலிண்டர் 2025 ஏப்ரலில் ஒரே நாளில் 50 ரூபாய் ஏறி சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. அரிசி, எண்ணெய், பிள்ளைகளின் ஆட்டோ, மருந்து, அத்தனையும். மாசக் கடைசியில் நோட்டை அவர் கையில் கொடுத்து, "இதில் எதைக் குறைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். குறைத்த ஆயிரத்தை நீங்கள் எங்கிருந்து ஈடுகட்டுகிறீர்கள் என்பது பெரும்பாலான ஆண்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் சாப்பாட்டிலும் உங்கள் மருந்திலும்தான் கை வைத்திருப்பீர்கள். அதையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.

இலவசம், இலவசம் என்று கொடுத்துத்தான் போக்குவரத்துக் கழகம் நஷ்டத்தில் போகிறது. அதை நிறுத்தினால் நிறைய பஸ் விடலாமே?
– ஓய்வு பெற்ற அரசு ஊழியர், குரோம்பேட்டை

ஐயா, நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பெண்கள் இலவசமாகப் போகும் பயணத்துக்கான பணத்தை மாநில அரசு மானியமாகக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. கழகங்களின் நஷ்டமோ 2021-க்குப் பல வருஷம் முந்தியது. மாணவர்களுக்கு இலவச பாஸ் கொடுத்தோம், யாரும் தப்பு சொல்லவில்லை. சென்னையில் 60 வயது முடிந்த உங்களைப் போன்ற பெரியவர்களுக்கும் மாதம் 10 டோக்கன் இலவசமாகத் தருகிறார்கள், வாங்கவில்லை என்றால் தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். மேலே எழுதிய மேடவாக்கம் தங்கச்சியிடம் டிக்கெட் கேட்டால் பஸ்களின் எண்ணிக்கை ஏறாது, அவர் வேலைக்குப் போவதுதான் குறையும்.

ஆட்டோவில் மீட்டர் எதற்காக வைத்திருக்கிறார்கள்? ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு 150 ரூபாய் கேட்கிறார்கள்.
– வாசகர், நங்கநல்லூர்

கோபம் நியாயம்தான், ஆனால் முழுக் கோபத்தையும் ஓட்டுநர் மேல் இறக்க வேண்டாம். சென்னையில் ஆட்டோ கட்டணத்தை அரசு நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அந்தக் கணக்கில் உங்கள் ஐந்து கிலோமீட்டருக்கு 63 ரூபாய் 40 காசு வரும். அன்றைக்கு பெட்ரோல் எழுபது ரூபாய்ச் சொச்சம், இப்போது நூறைத் தாண்டிவிட்டது. வண்டி வாடகை, டயர், எஃப்சி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஏறிய பிறகும் பழைய மீட்டர் விலையில் ஓட்டச் சொன்னால் யார் ஓட்டுவார்? 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களாகவே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தார்கள், அரசு அதை ஏற்கவில்லை. அந்தக் கணக்கில் போட்டாலும் உங்களுக்கு 108 ரூபாய்தான் வருகிறது, 150 இல்லை. அதாவது விலையைத் திருத்த வேண்டிய காலத்தில் திருத்தாததால் மீட்டருக்கே மரியாதை போய்விட்டது, இப்போது பேரம்தான் கட்டணம். அதில் நஷ்டப்படுவது இரவில் தனியாக இறங்குகிறவர்களும், பேரம் பேசத் தெம்பில்லாத வயதானவர்களும்தான். நியாயமான ஒரு புதுக் கட்டணத்தை அறிவித்துவிட்டு, பிறகு மீட்டர் போடாதவருக்கு அபராதம் போடட்டும். இந்த வரிசையில் செய்தால்தான் நடக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன், 18 ஆயிரம் சம்பளம். வீடு ரெட்ஹில்ஸ். செகண்ட் ஷிப்ட் முடிந்து 11 மணிக்கு வெளியே வந்தால் பஸ் இல்லை. தவணையில் பைக் வாங்கட்டுமா?
– வாசகர், செங்குன்றம்

தம்பி, முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். போக வர 24 கிலோமீட்டர், மாசம் 26 நாள், மொத்தம் 624 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கும் வண்டி என்றாலும் பன்னிரண்டரை லிட்டர், பெட்ரோலுக்கு மட்டும் 1,260 ரூபாய். புது வண்டியின் தவணை மாசம் 3,000 பக்கம் வரும். சர்வீஸ், இன்சூரன்ஸ், எப்போதாவது பஞ்சர். மொத்தத்தில் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு வண்டிக்கே போகும், மூன்று வருஷத்துக்கு. பஸ் பாஸ் என்றால் ஆயிரம்.

ஆனால் 11 மணிக்கு பஸ் இல்லை என்கிறீர்கள், அங்கேயே என் கணக்கு முறிந்துவிடுகிறது. பஸ்ஸில் போ என்று நான் வாயால் சொல்லிவிடலாம், நடு ராத்திரியில் ரெட்ஹில்ஸ் வரை நடக்கப்போவது நீங்கள். அதனால் வாங்குங்கள், ஆனால் புதிது வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் நாலைந்து வருஷம் ஓடிய நூறு சிசி வண்டியைப் பாருங்கள், ஆர்.சி. புத்தகத்தை உங்கள் பேருக்கு மாற்றிய பிறகு முழுப் பணத்தையும் கொடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். ராத்திரி அந்தச் சாலையில் லாரிகள் வரும், ஹெல்மெட்டின் கொக்கியையும் மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். பகல் ஷிப்ட் வாரங்களில் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போனால் பெட்ரோலில் பாதி மிஞ்சும். கம்பெனியில் ஷிப்ட் வேன் கேட்டுப் பார்த்தீர்களா? ஒரே வழியில் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வர ஆகும் செலவைவிட கிளாம்பாக்கத்திலிருந்து பெரம்பூர் வீட்டுக்குப் போக அதிகம் ஆகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு இறங்கினால் ஆட்டோவில் 800 ரூபாய் கேட்கிறார்கள்.
– வாசகர், பெரம்பூர்

2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோதே பக்கத்தில் ரயில் நிலையமும் திறந்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய கட்டடத்தை யோசித்தவர்கள், அங்கே இறங்குகிறவர் வீட்டுக்கு எப்படிப் போவார் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கோயம்பேட்டில் இறங்கி அரை மணியில் வீட்டுக்குப் போனவர்கள் இன்று கைக்குழந்தையோடும் மூட்டையோடும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, மூன்று மணிக்கு இறங்காதீர்கள். நாலு மணி வாக்கில் முதல் மின்சார ரயில் கிளம்பும், அதற்குத் தோதாக ஊரில் பஸ் ஏறுங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம், அங்கிருந்து ரயிலில் பார்க், இறங்கி சாலையைக் கடந்தால் சென்ட்ரல் புறநகர் நிலையம், அங்கிருந்து பெரம்பூர். ரயில் டிக்கெட் இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். விழுப்புரத்திலிருந்து தாம்பரத்துக்கு பாசஞ்சர் ரயிலும் இருக்கிறது, நேரம் ஒத்துவந்தால் பஸ்ஸே வேண்டாம்.

வீட்டுக்காரர் கரன்டுக்கு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாசத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது, 1,800 கட்டுகிறோம். சரியா?
– வாசகி, வேளச்சேரி

உங்கள் போர்ஷனுக்கு மின்வாரியத்தின் தனி மீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 80 யூனிட்டுக்கு யூனிட் இரண்டு ரூபாய்ச் சொச்சம்தான், மொத்தம் 200 ரூபாயைத் தாண்டாது. மீட்டர் பெட்டியில் எழுதியிருக்கும் இணைப்பு எண்ணைப் போட்டால் மின்வாரியத் தளத்திலேயே பில் தெரியும், அதைக் காட்டிப் பேசுங்கள். ஒரே இணைப்பை நாலு குடும்பம் பங்குபோட்டுக்கொண்டு உங்களுடையது உள் மீட்டர் என்றால் கதை வேறு. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டும்போது விலை நிஜமாகவே ஏறுகிறது. அப்போதும் வந்த பில்லை நாலாகப் பிரித்துக் கேட்பதுதான் முறை. அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் போடும்போது கரன்ட் பில்லை எப்படிக் கட்டுவது என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

நடத்துநர் மீதிச் சில்லறையைத் தராமல் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுக்கிறார். கூட்டத்தில் இறங்கும்போது கேட்க முடிவதில்லை. இதற்கு என்ன செய்ய?
– வாசகர், திருவொற்றியூர்

நடத்துநர் கையில் டிக்கெட் இயந்திரம் இருக்கும் பஸ் என்றால் போனிலேயே கட்டிவிடலாம். இல்லாவிட்டால், இறங்குவதற்கு மூன்று நிறுத்தம் முன்னாலேயே அவரிடம் போய் டிக்கெட்டைக் காட்டிவிடுங்கள், அதற்குள் அவர் பையில் சில்லறை சேர்ந்திருக்கும்.