பூட்டிக் கிடக்கும் பழைய பண்ணை வீட்டை, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் பாரம்பரிய இடமாக மாற்ற முடியுமா?

தாராபுரம் பக்கம் பாட்டன் கட்டிய, நடுவில் திறந்த முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடும் இருபது ஏக்கரும் சும்மா கிடப்பதாகவும், எத்தனை அறை போடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் அறைக் கணக்கில் தொடங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். நாங்கள் சுட்டுக்கொண்டோம்.

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோட்டம். முன்னால் வந்தவர்கள் உட்காரும் ஆசாரம், பின்னால் மாடு கட்டும் கட்டுத்தரை, அதைத் தாண்டினால் மாடு மேயும் கொறங்காடு. அம்மிச்சி, அம்மாவின் அம்மா, போனபிறகு ஏழு வருசம் பூட்டியே கிடந்தது. மாமாவும் நானும் திறந்ததும் செய்த முதல் தப்பு, காரை பெயர்ந்த இடத்திலெல்லாம் சிமெண்ட் பூசியது. ஐப்பசி மழை முடிவதற்குள் பூச்சு உப்பிவிட்டது. விரலால் தட்டினால் காலிக் குடம் மாதிரி சத்தம். கொத்திப் பார்த்தால் உள்ளே மண்சுவர் ஊறிப்போய்க் கிடந்தது. சுண்ணாம்புக் காரை சுவரின் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டிவிடும். அப்புறம் பழைய வேலை தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினோம். செலவு இரண்டு மடங்கு.

அடுத்து ஓர் ஆலோசகர் வந்தார். கொறங்காட்டை நிரவி நீச்சல் குளம் வெட்டச் சொன்னார். நல்லவேளை, மாமா ஒத்துக்கொள்ளவில்லை. கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மழை குறைந்த எங்கள் பக்கத்தில் காங்கயம் மாடு பிழைத்துக் கிடப்பதே இந்தக் காட்டால்தான். வேலி கெட்டியாக இருந்தால் மேய்க்க ஆள்கூட வேண்டாம். அதை அழித்துவிட்டு வீட்டை மட்டும் பளபளவென்று வைத்திருந்தால், வருகிறவருக்குக் காட்ட என்ன இருக்கும்? நான்கு தூணும் ஒரு ஊஞ்சலும்தான்.

எங்களுக்கு விருந்தாளிகளைத் திரும்ப வரவழைத்தது ஒரு கன்றுக்குட்டி. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணி, அதாவது மாட்டுச் சந்தை, பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்களிடம் தங்கியது. அவர்கள் வீட்டுச் சிறுமி புதிதாகப் பிறந்திருந்த செவலைக் கன்றை விட்டு நகரவேயில்லை. தீபாவளி விடுமுறைக்கு மறுபடி வந்தவள், "அந்தச் செவப்புக் கன்னுக்குட்டி எங்கே?" என்று அந்தக் கன்றின் முன்னாலேயே நின்று கேட்டாள். காங்கயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும். அவளை நம்ப வைப்பதற்குள் மாமாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாப்பாட்டுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். அரிசிம்பருப்பு சாதம், கொள்ளுப் பருப்பு, ஒருவேளை இடியாப்பம் மாதிரி சந்தகை. போதும்.

அனுமதி விஷயம்: சுற்றுலா அமைச்சகத்தின் 'ஹெரிடேஜ் ஹோட்டல்' வகைக்குப் போக வேண்டுமானால் கட்டடம் 1950-க்கு முந்தையதாக இருக்க வேண்டும். அதைவிட வீட்டுக்காரர் அங்கேயே குடியிருந்துகொண்டு ஒன்று முதல் ஆறு அறை வரை விடும் ஹோம்ஸ்டே முறை நம் மாதிரி ஆட்களுக்குத் தோது. யாராவது ஒருவர் அங்கே குடியிருக்கத்தான் வேண்டும். கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே நடத்துகிற வேலை இல்லை இது.

இன்னொன்று. மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிக் காட்டலாம் என்று, தண்ணீர் மொள்ளும் பழைய சால், வடக்கயிறு இரண்டையும் தேடி எடுத்தோம். அந்தக் காலத்தில் கவலை ஓட்டியவரின் பேரன் பக்கத்தில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். தலைப்பாகை கட்டிக்கொண்டு ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். "எங்க தாத்தன் ஓட்டுனது போதும்ங்க" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போனது. அவர் தாத்தா ஆசாரத்தில் கால் வைத்ததே இல்லை, கஞ்சி பின்வாசலில்தான். அதெல்லாம் பாரம்பரியக் கணக்கில் வராதா என்ன? கொஞ்ச நாள் கழித்து அவராகவே வந்தார். இப்போது விருந்தாளிகள் இருக்கும் சனிக்கிழமைகளில் ஜீன்ஸ் பேண்ட்டோடு ஆசாரத்தில் உட்கார்ந்து, மாடு எப்படிப் பின்நடந்து மேடு ஏறும் என்பதையும் சொல்கிறார், கூலியாக எவ்வளவு கம்பு தானியம் கிடைத்தது என்பதையும் சொல்கிறார். அதற்குப் பணம் பேசி வாங்கிக்கொள்கிறார். மாமா சில சமயம் எழுந்து உள்ளே போய்விடுவார். பாதி நாள் உட்கார்ந்து கேட்பார்.

சுண்ணாம்பு வாங்கும் முன்னால் பட்டாவை எடுத்துப் பாருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் சின்ன மாமா இன்னும் போடவில்லை.