டெப்பில் வைஃபை குறி முழுதாகத் தெரிகிறது, இணையம் ஏன் வரவில்லை?

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறோம். டுபாயில் வேலை செய்யும் தம்பி, உயர்தரம் படிக்கும் மகளுக்கு ஒரு டெப் அனுப்பியிருக்கிறார். வீட்டில் என் போனின் ஹொட்ஸ்பொட்டில் போட்டால் வேலை செய்கிறது. சில நேரம் வைஃபை குறி முழுதாகக் காட்டினாலும் எதுவும் திறப்பதில்லை. ஹட்டனுக்கு டியூஷனுக்குக் கொண்டுபோனால் இணையமே கிடையாது. சிம் போட இடமும் இல்லை. டெப் பழுதா? ரூட்டர் வாங்குவதா, சிம் போடும் டெப்பாக மாற்றிக்கொள்வதா? 2 ஜிபி போட்டால் இரண்டு நாளில் முடிந்துவிடுவது ஏன்?

பதில்: டெப் பழுதில்லை. டெப்லட்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று வைஃபை மட்டும் உள்ளது, மற்றது வைஃபையோடு சிம்மும் ஏற்பது. உங்களுடையது அநேகமாக முதல் வகை. உறுதிப்படுத்த செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியைத் திறந்து பாருங்கள். ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் இருந்தால் சிம் வகை, இல்லாவிட்டால் வைஃபை வகை. சிம் தட்டு இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். 2024 முதல் வந்த சில ஐபேட்கள் இ-சிம்மை (கருவிக்குள்ளேயே பதிந்த சிம்மை) மட்டுமே ஏற்கும், அவற்றில் தட்டே இருக்காது.

வைஃபை வகை டெப்புக்குத் தானாக இணையம் கிடைக்காது. பக்கத்தில் ஒரு போனோ ரூட்டரோ இருந்து கொடுத்தால்தான் உண்டு. உங்கள் போன் வீட்டில் இருக்க டெப் மட்டும் ஹட்டனுக்குப் போனால், அங்கே கொடுப்பதற்கு ஆள் இல்லை.

முழுக் குறி காட்டியும் திறக்காததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. டெப்பின் மூலையில் தெரியும் வைஃபை கோடுகள், டெப்புக்கும் போனுக்கும் இடையிலுள்ள சில அடி தூரத்தை மட்டுமே சொல்கின்றன. போனுக்கும் டவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. அதனால் இணையம் நின்றவுடன் டெப்பை நோண்டாமல் முதலில் போனை எடுங்கள். போனின் வைஃபையை அணைத்துவிட்டு, இதுவரை திறக்காத ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

போனில் திறந்து டெப்பில் திறக்கவில்லை என்றால் கோளாறு டெப்பில். திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பற்றரி முழுதாக இறங்கி மறுபடி எழும்பும்போது திகதி பின்னோக்கிப் போனால், பாதுகாப்பான இணையத்தளங்கள் ஒன்றும் திறக்காது. பிறகு விபிஎன் (இணையத்தை வேறு வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப்) ஏதாவது ஓடுகிறதா, ‘பிரைவேட் டிஎன்எஸ்’ பகுதியில் யாராவது எதையாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அந்த வைஃபை பெயரை ‘ஃபர்கெட்’ செய்து, பாஸ்வேர்ட் போட்டுப் புதிதாக இணையுங்கள். ஹொட்ஸ்பொட்டின் பெயரே டெப்பில் தெரியாவிட்டால், போனின் ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் பேண்ட்டை 5 கிகாஹேர்ட்ஸிலிருந்து 2.4க்கு மாற்றுங்கள். விலை குறைந்த டெப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே பிடிபடும். ஐபோன் என்றால் ‘மெக்ஸிமைஸ் கொம்பெட்டிபிலிட்டி’ என்பதை ஒன் செய்தால் அதே வேலை நடக்கும்.

போனிலும் திறக்கவில்லையா? முதலில் பெக்கேஜைப் பாருங்கள். யூடியூப்புக்கு மட்டும், வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று மலிவாக விற்கும் பெக்கேஜ்களில் ஸூம் ஓடாது, கூகுளும் தேடாது. வட்ஸ்அப் மட்டும் ஓடுகிறது, மற்றதெல்லாம் நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் விஷயம் இதுதான். பெக்கேஜ் சரியாக இருந்தால் மிச்சம் சிக்னல். மலைநாட்டில் தலைவலி பெரும்பாலும் இங்கேதான்.

போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஆண்ட்ராய்டில் ‘அபவுட் ஃபோன்’, ‘சிம் ஸ்டேட்டஸ்’, ‘சிக்னல் ஸ்ட்ரெந்த்’ என்று போனால் டிபிஎம் என்ற அளவில் ஒரு மைனஸ் எண் இருக்கும். 4ஜியில் −85 என்றால் நல்ல சிக்னல். −100 வரை வகுப்பு ஓடும். −110ஐத் தாண்டினால் வீடியோ விட்டுவிட்டு வரும், −120இல் அறுந்துவிடும். இந்த அளவில் 10 குறைந்தால், வந்து சேரும் சக்தி பத்தில் ஒன்றாகிவிடும். ஆகவே −112 காட்டும் அறையிலிருந்து −102 காட்டும் ஜன்னலுக்கு நகர்ந்தால், போனுக்குப் பத்து மடங்கு சிக்னல் கிடைக்கிறது.

லயத்து வீடுகளில் தகரக்கூரையும் கல்சுவரும் சிக்னலை நன்றாக அடைக்கும். கையில் போனோடு வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மிக நல்ல எண் வந்த ஜன்னலில் போனைச் சார்ஜரோடு வைத்துவிட்டு, மகள் உள்ளே மேசையில் டெப்போடு உட்காரட்டும். ஹொட்ஸ்பொட் வைஃபைக்கு ஓர் அறை தூரம் பெரிய விஷயமில்லை. பலர் போனையும் டெப்பையும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெட் இல்லை என்பார்கள். வெயில் நேரே விழும் இடத்தில் மட்டும் போனை வைக்காதீர்கள், சூடேறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும் என்று தோட்டங்களில் சொல்வதுண்டு. பனியும் மழையும் 4ஜி அலைவரிசைகளை அவ்வளவாகக் குறைப்பதில்லை. மழை நாளில் டவருக்குக் கரண்ட் போய் அதன் பற்றரியும் இறங்கிவிடுவது ஒரு காரணம். வீட்டுக்கும் டவருக்கும் நடுவிலுள்ள மரங்களின் இலை நனைந்து அலைகளை உறிஞ்சுவது இன்னொரு காரணம். எண் நன்றாக இருந்தும் இரவு ஏழு மணிக்குப் பிறகு ஊர்ந்தால், அது சிக்னல் குறைவல்ல, ஒரே டவரில் ஊரே தொங்குவது. அதற்கு இடம் மாற்றிப் பலனில்லை, நேரம்தான் மாற வேண்டும்.

டேட்டா விஷயம் வெறும் கணக்கு. வினாடிக்கு 1 மெகாபிட் ஓடினால் மணிக்கு 450 எம்பி. ஸூம் குழு வகுப்பு நல்ல தரத்தில் போக வர சேர்த்து வினாடிக்குச் சுமார் 1.6 மெகாபிட் எடுக்கும். அது மணிக்கு 720 எம்பி, ஆக 2 ஜிபி மூன்று மணி நேரத்துக்கும் காணாது. மகள் தன் கேமராவை அணைத்தாலே ஒரு பெரும் பங்கு மிஞ்சும். சத்தமில்லாமல் தின்பது வேறொன்று: டெப் ஹொட்ஸ்பொட்டையும் வீட்டு வைஃபை என்றே நினைத்து, அப்டேட்களையும் போட்டோ பேக்கப்பையும் அவிழ்த்துவிடும். டெப்பின் வைஃபை பட்டியலில் உங்கள் ஹொட்ஸ்பொட் பெயரைத் தொட்டு ‘மீட்டர்ட்’ (அளவான டேட்டா) என்று மாற்றுங்கள். ஐபேட்டில் இதற்கு ‘லோ டேட்டா மோட்’. இது போனின் ஹொட்ஸ்பொட் என்பதைச் சில டெப்கள் தாமாக அறிந்துகொள்வதும் உண்டு, ஆனாலும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

ரூட்டரைப் பொறுத்தவரை, உங்கள் லயம் வரை ஃபைபர் வருமென்றால் யோசிக்காமல் அதை எடுங்கள். வராவிட்டால் 4ஜி ரூட்டர். போன் உங்களோடு வெளியே போய்விட்டாலும் வீட்டில் இணையம் இருக்கும் என்பதுதான் அதன் பெரிய லாபம். வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்தக் கம்பனியின் ரூட்டரோ அதே கம்பனியின் சிம்மைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, உங்கள் ஜன்னலில் இரவு எட்டு மணிக்குச் சோதியுங்கள். ஒரே பள்ளத்தாக்கில் ஒரு கம்பனியின் டவர் நேரே தெரியும், மற்றதை மலை மறைத்திருக்கும். வெளி அன்டெனா மாட்டும் துளையுள்ள ரூட்டரை விரும்புங்கள், −110ஐ விட நல்ல எண் வராத வீடுகளில் கூரைக்கு மேலே ஏற்றிய அன்டெனாதான் கைகொடுக்கும்.

கரண்ட் போனால் ரூட்டரும் போகும். ரூட்டரைப் பற்றரியில் ஓட வைக்கும் சிறிய டிசி யுபிஎஸ் ஒன்று போதும். ரூட்டர் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டே, பெரும்பாலும் 12, யுபிஎஸ்ஸிலும் இருக்க வேண்டும். அம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம். முனையின் கூட்டல் கழித்தல் படத்தையும் ஒப்பிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் பிளக்கையும் வெளி அன்டெனா வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஹட்டன் டியூஷனுக்கு இணையம் அவசியமா என்பதே என் சந்தேகம். தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர வள நூல்களும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தின் பாடங்களும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன, முதல் நாள் இரவே இறக்கிக்கொள்ளலாம். டிரைவில் உள்ள கோப்புகளுக்கு ‘ஒஃப்லைன்’ கொடுத்துவிட்டு, ஃபிளைட் மோடில் போட்டு ஒருமுறை திறந்து சரிபாருங்கள். கொட்டகலை தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தாலும் பாடம் நிற்காது. கட்டாயம் நேரடி இணையம் வேண்டுமென்றால் ஒரு பொக்கெட் ரூட்டர் போதும், சிம் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு கம்பனிக்கு மட்டும் லொக் செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

சிம் டெப்பாக மாற்றும் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. இன்னொரு சிம், இன்னொரு ரீலோட். ஐபேட் என்றால் மீதி பார்க்கும் # கோட்களை அடிக்க முடியாது, வங்கி அனுப்பும் ஓடிபியும் கைக்கு வராது, சிம்மைக் கழற்றிப் போனில் போட வேண்டிவரும். அப்படியும் தம்பி அங்கிருந்து சிம் வகை ஒன்று வாங்குவதானால், பணம் கட்டும் முன் பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு 15 இலக்கங்கள் என்று டைப் செய்து 1909க்கு எஸ்எம்எஸ் போட்டால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அந்த எண் இருக்கிறதா என்று பதில் வரும். இல்லை என்று வந்தால் அந்த டெப் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.