தோட்டத்தை அடகு வைத்து ஏ.ஐ. படிக்கலாமா?

வாசகர் கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். படித்தது பி.இ., இ.சி.இ. கொழுந்து எடை, சிறு விவசாயிகளுக்கான பட்டுவாடா, குன்னூர் ஏலத்துக்குப் போகும் லாட் விவரம் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான். மேலே படிக்க ஆசை. டெக்னாலஜி மேனேஜ்மென்ட்டில் எம்.பி.ஏ. படிப்பதா, அப்ளைடு ஏ.ஐ.யில் எம்.டெக். படிப்பதா என்று குழப்பம். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கேட்கும் கட்டணத்துக்கு, எங்கள் ஒன்றரை ஏக்கர் தோட்டத்தை அடகு வைக்கிறேன் என்கிறார் அப்பா. வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் வெளிநாட்டுப் பட்டம் வாங்கலாம் என்றும் ஒரு விளம்பரம் வந்தது. என்ன செய்யட்டும் அக்கா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அந்த உரிமையில் நீ என்றே எழுதுகிறேன். தோட்டத்தை அடகு வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு படிப்புக்கும் என்ன வித்தியாசம் என்பதை உன் ஃபேக்டரி வாசலிலேயே பார்த்துவிடலாம். சாயங்காலம் கொழுந்து வண்டி வந்து நிற்கிறது. சூப்பர்வைசர் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி, இளங்கொழுந்து ஒரு பக்கம், முத்தின இலை ஒரு பக்கம் என்று பிரிக்கிறார். சந்தேகமான இலையை விரலில் மடக்கிப் பார்க்கிறார். இளசாக இருந்தால் மடங்கும், முத்தியிருந்தால் ஒடியும். அதை வைத்துத்தான் அந்தக் கொழுந்துக்கு என்ன மதிப்பு என்று முடிவாகிறது. இந்த வேலையை ஒரு கேமராவிடம் கொடுப்பதாக வைத்துக்கொள்.

அந்தக் கேமராவுக்குக் கொழுந்தைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது அப்ளைடு ஏ.ஐ. படித்தவரின் வேலை. ஆயிரக்கணக்கில் படம் எடுக்க வேண்டும். எது இளசு, எது முத்தல் என்று அனுபவசாலிகளை உட்காரவைத்துக் குறிக்க வேண்டும். அந்தப் படங்களில் மாடலை, அதாவது பார்த்து முடிவு சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராமைப் பழக்கி, அது இதுவரை பார்க்காத படங்களில் எத்தனை தப்பு செய்கிறது என்று எண்ண வேண்டும். பிப்ரவரி வெயிலில் எடுத்த படங்களிலேயே பழகிய மாடல், ஜூலை மழையில் நனைந்து பளபளக்கும் இலையைப் பார்த்தால் தடுமாறிவிடும். மூட்டையின் மேல்பக்கத்தை மட்டும் படம் பிடித்தால் அடியில் கிடப்பது தெரியாது. மூடுபனி இறங்கிவிட்டால் வெளிச்சமே மாறிவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துச் சோதிக்க நிகழ்தகவு, புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், பைத்தான் நான்கும் கைவர வேண்டும்.

டெக்னாலஜி மேனேஜ்மென்ட் படித்தவர் இதே கேமராவிடம் வேறு கேள்விகளோடு வருவார். வாங்கினால் போட்ட பணம் எப்போது திரும்பும்? ரிப்பேர் ஆனால் குன்னூரில் ஆள் கிடைப்பாரா, கோயம்புத்தூரிலிருந்து வரும்வரை வண்டிகள் காத்து நிற்குமா? மெஷின் முத்தல் என்று காட்ட, விவசாயி 'என் இலை அப்படி இல்லை' என்று நின்றால் யார் பேச்சு எடுபடும்? மெஷினின் தப்புக்கு நஷ்டம் யார் தலையில்? இத்தனை வருஷம் இலை பிரித்தவருக்கு இனி என்ன வேலை? நிதி, திட்டமிடல், ஒப்பந்தம், காப்புரிமை, ஆட்களைப் பழக்குவது என்று பாடங்களும் இவற்றை ஒட்டியே இருக்கும்.

இந்தக் கேள்விகளை நான் லேசாக நினைக்கவில்லை. மலையில் எந்தப் புது மெஷின் வந்தாலும் அதன் தப்பு முதலில் அரை ஏக்கர்காரர் மேல்தான் விழும். ஆனாலும் நீ முதலில் ஏ.ஐ. படி என்றுதான் சொல்வேன். பட்டுவாடா அன்றைக்குக் கவுன்டரில் விவசாயிகளுக்குப் பதில் சொல்கிற நீ, மேனேஜ்மென்ட்டில் பாதியை ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கிறாய். எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.க்களில் வேலை அனுபவத்தைக் கேட்டுத்தான் சேர்க்கிறார்கள். அதை 35 வயதிலும் படிக்கலாம், அப்போது இன்னும் நன்றாகவே புரியும். கணக்கும் கோடிங்கும் அப்படியில்லை, தள்ளிப்போட்டால் திரும்பத் தொடுவது கஷ்டம். அதோடு, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மேனேஜர் ஆனால், மெஷின் விற்க வருபவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியிருக்கும்.

ஏ.ஐ. என்றால் பெங்களூரு ஐ.டி. கம்பெனி சமாசாரம் என்று அப்பா நினைத்தால், கோயம்புத்தூர் பக்கம் இருக்கும் மதுக்கரையைச் சொல். 2024-இல் அங்கே ரயில் பாதையை ஒட்டி வனத்துறை டவர்கள் வைத்தது. யானை பாதைப் பக்கம் வந்தால் தெர்மல் கேமராவும் ஏ.ஐ.யும் கண்டுபிடித்து எச்சரிக்கை அனுப்பும். நம் மலையை விட்டு இறங்கினால் பக்கம்தான்.

சரி, எப்படிச் சேர்வது? எம்.டெக்.குக்கான நுழைவுத்தேர்வான கேட் எழுது. 2024-லிருந்து டேட்டா சயின்ஸுக்கும் ஏ.ஐ.க்கும் சேர்த்து டி.ஏ. என்று தனித்தாளே இருக்கிறது. பி.இ. முடித்த நீ தாராளமாக எழுதலாம். கேட் தகுதியோடு, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் உள்ள முழுநேர எம்.டெக்.கில் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் முந்தைய வருட ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும் என்பதால் அசந்துவிடாதே.

அதற்குள் வேலையை விடாமல் என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் மெஷின் லேர்னிங் பாடம் ஒன்றில் சேர். ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்துவது, கேட்பதற்குக் காசு இல்லை, சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். 8 அல்லது 12 வாரம் அசைன்மென்ட் எல்லாம் செய்த பிறகும் பிடித்திருந்தால் தயங்காமல் போ. பிடிக்காவிட்டால் தமிழ்நாட்டு நுழைவுத்தேர்வான டான்செட் எழுதி எம்.பி.ஏ. பக்கம் போகலாம், லட்சங்கள் கட்டிய பிறகு தெரிவதற்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. உன்னிடம் மூன்று வருடக் கொழுந்து வரத்து இருக்கிறது. முதலாளியிடம் அனுமதி கேட்டு, விவசாயிகளின் பெயரை நீக்கிவிட்டு, மழை விவரத்தையும் சேர்த்து, அடுத்த வாரம் எத்தனை கிலோ வரும் என்று கணித்துப் பார். கணிப்பு ஓரளவு சரியாக வந்தாலே, கொழுந்து வாட்டும் ட்ரஃப்களையும் ஷிஃப்ட் ஆட்களையும் முன்னாலேயே ஏற்பாடு செய்யலாம். எம்.டெக். நேர்முகத்தில் பேசவும் உனக்கென்று ஒரு விஷயம் இருக்கும்.

அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை படிப்பின் பெயரைப் பார்க்காதே, பாடத்திட்டத்தை வாங்கிப் படி. முதல் வருடத்தில் கணிதம் இருக்கிறதா, ப்ராஜெக்ட் நிஜத் தரவில் செய்கிறார்களா, போன வருடம் முடித்தவர்களிடம் பேச விடுகிறார்களா என்று பார். வெளிநாட்டுப் பட்ட விளம்பரத்தை அப்படியே விட்டுவிடு. அனுமதி பெறாத வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து ஆன்லைன் கம்பெனிகள் தரும் பட்டங்கள் செல்லாது என்று 2023 டிசம்பரிலேயே யு.ஜி.சி. எச்சரித்திருக்கிறது.

இனி தோட்டம். தகுதியுள்ள படிப்புகளுக்கு 7.5 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதித் திட்டம் இருக்கிறது. அதன் கீழ் வரும் கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை. அதற்கு மேல் செலவாகும் படிப்பு என்றால் வேறு கல்லூரி பார், அந்த ஒன்றரை ஏக்கர்தான் அப்பாவின் வருமானம். இடம் கிடைத்ததும் கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு, உன் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அடமானம் கேட்டால், எந்த விதிப்படி கேட்கிறீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அக்கா