காற்றாலைகள் இருக்கும் பாதையில் குதிரைச் சவாரி போகலாமா? குதிரை மிரளாதா?

போகலாம். பெங்களூர் லாயத்துக் குதிரையை லாரியில் ஏற்றி, காற்றாலைகள் நிற்கும் சித்ரதுர்கா மலைப்பக்கம் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். எல்லோரும் சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைவிட மிரட்டுவது தரையில் ஓடும் நிழலும், நின்றிருந்த இறக்கை திடீரென்று சுற்றத் தொடங்குவதும்தான்.

குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். சின்ன அசைவும் தப்பாது. நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும் மூன்று இறக்கைக் காற்றாலையின் நிழல் ஒரே இடத்தை 45 முறை வெட்டும். விடிந்து முக்கால் மணி நேரம் வரை அந்த நிழல் காற்றாலை உயரத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் நீளும். ஆகவே காலையில் காற்றாலை வரிசைக்குக் கிழக்கே போங்கள், மாலையில் மேற்கே. வேறு வழியில்லை என்றால் ஒன்பது மணிக்கு மேல் கிளம்புங்கள். காற்று நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தைத் தொட்டதும் இறக்கை தானாகச் சுற்றும். நிற்கிறதே என்று நம்பி அடியில் போக வேண்டாம்.

பிரிட்டனின் குதிரை நல அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி, காற்றாலைக்கும் குதிரைப் பாதைக்கும் இடையே பரிந்துரைக்கும் தூரம் 200 மீட்டர் அல்லது இறக்கை நுனி உயரத்தில் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. நுனி உயரம் 160 மீட்டர் என்றால் 480. நம் மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலில் பொதுச்சாலைக்குச் சொன்னது கோபுர உயரம், இறக்கை வட்டத்தின் விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர். அதே காற்றாலைக்கு 165தான். கோபுரம் சாய்ந்தாலும் சாலையில் விழக்கூடாது என்பதற்கான கணக்கு அது. குதிரையை யாரும் நினைக்கவில்லை.

பழக்குவதற்கு, பதறாத ஒரு குதிரையைத் துணைக்குக் கூட்டிப்போங்கள். அரை கிலோமீட்டருக்கு அப்பால், இறக்கை சுற்றும்போதே நிறுத்தி மேயவிடுங்கள். காது விறைத்து, மூக்கு விரிந்து, மூச்சை அடக்கினால் அந்த இடத்தைத் தாண்டாதீர்கள். தலையைத் தாழ்த்தி வாயை அசைபோட்ட பிறகு, நேராக இல்லாமல் சாய்வாக நெருங்குங்கள். திரும்பும்போது மறுகண் பக்கம் காற்றாலை வரட்டும். இறங்கி நடத்தினால் காற்றாலைக்கும் குதிரைக்கும் நடுவில் நில்லுங்கள். மிரண்டால் அது எதிர்ப்பக்கம்தான் பாயும், உங்கள் மேல் விழாது. கடிவாள வாரைக் கையில் சுற்றவே கூடாது. காற்றாலைக்குப் போடும் சாலையில் கூர்ஜல்லி இருக்கும். லாடம் இல்லாத குதிரைக்குக் குளம்படி கன்றிப்போகும், ஓரமண்ணில் நடத்துங்கள்.

"எங்கள் குதிரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்று சிலர் வருவார்கள். உண்மைதான், பல குதிரைகள் அப்படித்தான். மிரளும் ஒன்றின் மேல் குழந்தை உட்கார்ந்திருக்கலாம் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். காற்றாலை வேண்டாம் என்பது என் கட்சி இல்லை.

பெங்களூரைச் சுற்றிக் குதிரைக்குக் காற்றாலையைவிடப் பெரிய எதிரி வீட்டுமனை லேஅவுட்களின் வேலிதான். கிராம வரைபடத்தில் இருக்கும் வண்டிப்பாதையை அடைத்துக் கேட் போடுகிறார்கள், சவாரிக்காரர்கள் லாரி ஓடும் சாலைக்கு வரவேண்டியிருக்கிறது. உங்கள் லாயத்தைச் சுற்றி அப்படி அடைத்திருந்தால், வரைபட நகலோடு தாசில்தாருக்கு எழுத்தில் மனு கொடுங்கள்.